மெலிசா என்றால் தேனீ

மலைத்தேன் பாட்டிலைத் திறந்தால், பின்னாளில் இடித்துவிட்ட வெள்ளிமலைப் பள்ளி விடுதியும், அதன் தாழ்வாரத்தில் ஓயாமல் இரைந்த தேன்கூடும் நினைவுக்கு வருவதற்கு முன்பே, தோழி மெலிசா வந்து நின்றுவிடுகிறாள்.

"கிரேக்க மொழியில என் பேருக்குத் தேனீன்னு அர்த்தம்டி. உன் பேருக்கு இன்னா?" என்பாள், காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே.

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால் எங்கள் ஊர் வழக்கப்படி எனக்கு வைத்த பெயர் போதும்பொண்ணு. அதற்கு அகராதி தேவையில்லை.

அவளைத் தேனீ கொட்டவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒருநாள் கொட்டியது. வீங்கிய கன்னத்தோடு, "சொந்தக்காரங்க முத்தம் குடுத்துட்டுப் போறாங்க" என்று சிரித்தாள்.

இத்தனை வருடம் கழித்து, என் பெயர் மாற்ற விண்ணப்பத்தில் எல்லாக் கட்டங்களையும் வரிசையாக நிரப்பிவிட்டேன். புதிய பெயருக்கான கட்டத்தில் மட்டும், எத்தனை முறை யோசித்தாலும், அவள் பெயரே வருகிறது.