மேகத்துக்குள் இரண்டு ஆண்குருவிகள்

என் கணவர் அபெலார்தோவுக்குப் பறவைகளோடு பேசத் தெரியும், மனிதர்களோடுதான் வராது. மிந்தோ ஊருக்கு மேலே மலையில், பாதி நாள் மேகத்துக்குள் கிடக்கும் காட்டு விடுதியில், பறவை பார்க்க வருகிறவர்களுக்கு அவர் வழிகாட்டி, நான் சமையல். ஓடைக்கு அக்கரையில் இருக்கும் விடுதியில் என் தம்பி வில்மான் வழிகாட்டி. இருவரும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. காரணம் ஒரு குருவி. வால் என்று சொல்ல ஒன்றும் கிடையாது, கோழிமுட்டை மாதிரி உருண்டை, தரையில் தத்தித் தத்திப் புழு பொறுக்கும். தம்பி புழு வைத்துப் பழக்கியதை இவர் கொழுத்த புழுவாக வைத்து இழுத்துக்கொண்டாராம்.

அந்த ஞாயிறு எங்கள் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஞானத்தகப்பன் வில்மான். "அவன் வந்தா நான் கோயிலுக்கு வரல" என்றார் இவர். அவனும் அதையே சொல்லியனுப்பினான். பெற்றவள் நான் என்ன செய்ய? அந்த வாரம் சூப்பில் இரண்டு தடவை உப்பு போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, ஹெண்ட்ரிகா என்ற ஹாலந்து அம்மாளுக்கு அந்தக் குருவியைக் காட்ட இவர் கிளம்பினார். பட்டை போட்ட வெல்லத் தண்ணீரைக் குடுவையில் எடுத்துக்கொண்டு நானும் போனேன். முன்னால் போகிறவர் முதுகு தெரியாத மேகம். ஓடையருகே நின்று இவர் குருவி மாதிரி விசிலடித்தார். அக்கரையிலிருந்து பதில் வந்தது.

"ஆண்குருவி," என்று கிசுகிசுத்தார். "என் எடத்துக்கு ஏன்டா வந்தேன்னு கேக்குது. மண்டைக்கனம் ஜாஸ்தி, மூளை கெடையாது."

ஒரு மணி நேரம் இவர் கூப்பிட, அது பதில் சொன்னது. இவர் கெஞ்சி ஊதினால் அதுவும் கெஞ்சியது. அம்மாள் கண் கலங்கிவிட்டார்.

காற்றடித்து மேகம் விலகியது. அக்கரையில், நான்கு விருந்தாளிகளுக்கு முன்னால், உதட்டைக் குவித்தபடி என் தம்பி.

"ரெண்டு வருஷமாப் பேசாதவங்க ஒரு மணி நேரமா கொஞ்சிக்கிட்டீங்களேய்யா!" என்றேன். சிரித்த சிரிப்பில் குடுவை நழுவப் பார்த்தது.

இவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. கடைசியில், "விசில் கரகரங்குதே மச்சான், இருமலா?" என்றார்.

"ஒரு வாரமா அத்தான்."

"அங்கேயே நின்னா? வந்து சூடாக் குடி."

ஓடையைத் தாண்டி வந்தான். குடுவைக்கு ஒரே கோப்பைதான். பாதி குடித்து இவரிடம் நீட்டினான். "ஞாயித்துக்கிழமை பூசை எத்தனை மணிக்கு அத்தான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெண்ட்ரிகா அம்மாள் குறிப்பேட்டில் குருவியின் பெயரை அடித்துவிட்டு எழுதியதை என்னிடம் காட்டினார்: "ஆண், இரண்டு. ஒரே கோப்பையில் குடித்தன."