பின்வரிசைக் குழாய்

ஆய்வுகூடத்தில் எனக்கு ஒரு வழக்கம். கலந்து முடித்த மருந்தின் குழாயைத் தாங்கியின் பின்வரிசைக்கு மாற்றிவிடுவேன். முன்வரிசை காலியானால் வேலை முடிந்தது.

அன்று மூன்று குழாய்கள்: இன்சுலின், ஒரு ஸ்டீரொய்டு, ஐ.பி.எம்.எக்ஸ். எலியின் இளம் உயிர்க்கலங்களைக் கொழுப்புக் கலங்களாக மாற்ற மூன்றும் வேண்டும். கலத்துக்குள் எழும் சமிக்ஞையைப் பொஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதியம் உடனுக்குடன் சிதைத்துவிடும். அந்த நொதியத்தைத் தடுத்துச் சமிக்ஞையைத் தங்கவைப்பது ஐ.பி.எம்.எக்ஸ். என்னிடம் எஞ்சியிருந்தவை கடைசிக் கலங்கள். அவை மாறாவிட்டால் என் பட்ட ஆய்வு அதோடு நின்றுவிடும். இன்னொரு தவணை தரமாட்டார்கள்.

மூன்றாவதான ஐ.பி.எம்.எக்ஸ். குழாயை எடுக்கும்போது வத்தேகம வீட்டிலிருந்து மாமியார் அழைத்தார்.

“புள்ள சோத்தத் துப்புது. கிளினிக்ல நிறுத்துப் பாத்துட்டு, நெற காணாதுன்னு நர்ஸ் மிஸ்ஸி ஏசுறாங்க. நீ அங்க என்னதான் செய்ற?”

“கொழுப்புக் கலம் வளக்கிறேன் அத்தை.”

“எலிக்கா? நல்லாருக்கு! மொதல்ல ஒன் புள்ளைக்கு வளம்மா.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். கலங்களுக்கு மருந்து கலந்த வளர்ப்பு ஊடகத்தை ஊற்றி, அடைகாப்பானில் வைத்துவிட்டு வீட்டுக்குப் பஸ் ஏறினேன். மடவளை தாண்டும்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. மூன்றாவது குழாய் பின்வரிசையில் இருந்தது உண்மை. மருந்தைப் போட்ட பிறகு மாற்றினேனா, பேச்சோடு பேச்சாகக் கை தானாக மாற்றியதா?

கலங்களைப் பார்த்து உடனே சொல்ல முடியாது. மறுபடி போட்டால், முன்பும் போட்டிருந்தால், இரட்டை அளவில் அவை செத்துவிடலாம். கூட வேலை செய்பவர்களுடன் சிங்களத்தில் நன்றாகவே பேசுவேன். ஆனால் இதை எந்த மொழியிலும் என்னால் அவர்களிடம் சொல்ல முடியவில்லை. கணவரிடம் மட்டும் சொன்னேன். கட்டாரிலிருந்து அவர் எழுதினார்: “போட்டிருப்ப. நீ மறக்கிற ஆளா?” அவர் அறிந்தது பிள்ளை பிறப்பதற்கு முந்தைய என்னை.

மறுபடி போடவில்லை. உரிய நாளில் ஊடகத்தை மாற்றிவிட்டுக் காத்திருந்தேன்.

அடுத்த வாரம் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது கலத்துக்குக் கலம் எண்ணெய்த் துளிகள், ரசத்தின் மேல் மிதப்பதுபோல் பளபளத்தன. போட்டிருக்கிறேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன், சொல்ல ஆளில்லை. வீட்டுக்கு அழைத்தேன்.

“அத்தை, கொழுப்பு வந்துருச்சு.”

“சந்தோசம். இங்க ஒன் மக இன்னைக்கி ஒரு முட்ட தின்னுட்டா.”

“முழுசாவா?”

“முழுசாத்தான். இந்தா, அழுறா, வைக்கிறேன்.”

மறுபடி கண்ணை வைத்துப் பார்த்தேன். துளிகள் அங்கேயே இருந்தன. முழுசு என்றாரே, மஞ்சள் கருவையுமா என்று கேட்டிருக்க வேண்டும்.