நவஜோதியின் பிள்ளைக் கதவு

பதுளை நவஜோதி தியேட்டருக்கு மூன்று கதவுகள். கீழே கலரிக்கு ஒன்று, மேலே பால்கனிக்கு ஒன்று. மூன்றாவது கதவைச் சனங்கள் பிள்ளைக் கதவு என்றார்கள். பெண்கள் உட்காரும் பக்கத்திலிருந்து மாடிப்படிக்குக் கீழே உள்ள நடைக்கு அது திறக்கும். அங்கே ஏழெட்டுச் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும், நடுவே வேலாயி நிற்பாள். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தியேட்டரில் சம்பளம் வாங்கியவள் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்.

சம்பளம் போட்ட ஞாயிறு என்றால் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கைக்குழந்தையோடுதான் படத்துக்கு வருவார்கள். லயத்து வரிசை வீடுகளில் யாரிடம் விட்டுவிட்டு வருவது? படம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து ஒரு பிள்ளை வீரிடும், அதைக் கேட்டு இன்னொன்று. கலரியிலிருந்து ஆம்பிளைகள், "பிள்ளைய வெளிய கொண்டு போங்கடி" என்று கத்துவார்கள். பெற்ற தகப்பனும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பான், அவன் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்கும்.

இந்தத் தலைவலிக்கு வழி கண்டுபிடித்தவர் முதலாளி ராமநாதன். கல்லுமலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும்போது வழுக்கி விழுந்து கால் ஊனமான வேலாயி, வேறு வேலை கேட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பிள்ளை தூக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தூக்குவேங்க மொதலாளி. பெத்ததுதான் கெடையாது."

அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்.

முதல் மாசமே ஒரு கூத்து நடந்தது. இரண்டு தாய்மார் ஒரே தோட்டத்துக் கடையில் ஒரே பூப்போட்ட துணி வாங்கிப் பிள்ளைகளைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். படம் விட்ட நெரிசலில் வேலாயி பிள்ளைகளை மாற்றிக் கொடுத்துவிட்டாள். பசறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒருத்தி துணியை விலக்கிப் பார்த்திருக்கிறாள். ஆண் பிள்ளையோடு வந்தவள் மடியில் பெண் பிள்ளை. பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, ஒப்பாரி வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளைகள் கை மாறின, வேலாயிக்கும் நல்ல ஏச்சு விழுந்தது. படம் முடிய அரைமணி இருக்கும்போதே தொட்டிலை விட்டு ஓர் அடி நகரக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். அதனால் எந்தப் படத்தின் முடிவும் அவள் கண்ணில் பட்டதில்லை. காதில் விழுவதோடு சரி.

அதைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, ராசம்மா கேட்கும் வரைக்கும்.

ராசம்மா, லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி. வேலாயிக்குக் கூடப் பிறக்காத அக்கா. அவளுடைய மூத்த மகன் அழகையா, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் பெயர் வந்து, பெண்சாதியோடு பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறித் தலைமன்னாரில் கப்பலேறிப் போனவன். போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. இரண்டு வருஷத்தில் ராசம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து நவஜோதியில் ஒரு படம் ஓடியது. ஊரை விட்டுப் போன மகனுக்காக வாசலில் காத்திருக்கும் தாயின் கதை. ஐம்பது நாள் ஓடியது, பதுளையில் அழாத பெண் இல்லை. வேலாயி ஒவ்வொரு நாளும் கேட்டதைக் கேட்டபடி ராசம்மாவுக்குச் சொல்வாள். தாய் பேசும் வசனமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரு சாயங்காலம் ராசம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியில மகன் வந்துருவானா வேலாயி?"

காலடியில் உட்கார்ந்திருந்த ராசம்மாவின் பத்து வயது மகள் ஜெயந்தினியும் நிமிர்ந்து பார்த்தாள். வேலாயிக்குத் தெரியாது; கடைசிக் காட்சியில் வசனமே கிடையாது, மழைச் சத்தம் மட்டும்தான் நடைக்குக் கேட்கும். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"வந்துருவான்க்கா. வாசல்லயே வந்து நிப்பான்."

"அப்படியா? அப்ப சரி" என்றாள் ராசம்மா. அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

படம் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் முடிவைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம்தான். சொன்ன பிறகு கேட்கப் பயம். சாகக் கிடந்தவளிடம் பொய் சொல்லிவிட்டேனா என்ற பயம். வெளியே வந்தவர்களின் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாரும் அழுதார்கள். பெண்கள் மகன் வந்தாலும் அழுவார்கள், வராவிட்டாலும் அழுவார்கள். படப்பெட்டி கொழும்புக்குத் திரும்பிப் போய்விட்டது. பிறகொரு நாள் டிவியில் அதே படத்தைப் போட்டபோது, வேலாயி ஜெயந்தினியையும் இழுத்துக்கொண்டு வெளியே போய், இல்லாத கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கடைவீதி எரிந்தபோது நவஜோதியின் முன்பக்கமும் எரிந்தது. ராமநாதன் ஒன்றரை வருஷத்தில் மறுபடி கட்டினார், மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. ஆனால் சனம் பழையபடி வரவில்லை. வீடியோ டெக் வந்தது, கோயில் முன்னால் நாலு படம் சேர்த்துப் போட்டார்கள். லயத்துத் தகரத்தின் மேல் டிஷ் முளைத்தது. அப்புறம் ஆளுக்கொரு போன். எட்டுத் தொட்டில் நாலாகி, ஒன்றாகி, அதுவும் வேண்டாம் என்று ஆனது. கடைசித் தொட்டில் சேலையை அவிழ்த்து வேலாயி அதிலேயே தரை துடைத்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் ராமநாதனின் பேரன் சுரேன் கட்டடத்தை விற்றுவிட்டான். அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? முன்னூறு கதிரையில் பதினொரு பேரை உட்கார வைத்துக்கொண்டு அவனும் எத்தனை காலம் தாக்குப்பிடிப்பான். இடித்துவிட்டு சுப்பர் மார்க்கெட் வரப்போகிறதாம். கடைசி ஞாயிறு ஒரு படம் இலவசமாகப் போடுவதாகச் சொல்லி, என்ன படம் வேண்டும் என்று வேலாயியிடம் கேட்டான். அவள் யோசிக்கவே இல்லை.

"அந்த மகன் படம் போடுங்க தம்பி. பொய் சொல்லித்தான் அந்த அக்காவ அனுப்புனேனான்னு தெரியாம என்னால சாக முடியாது."

சுரேன் எங்கேயோ தேடி அந்தப் படத்தை எடுத்துவிட்டான்.

ஜெயந்தினிதான் வேலாயியை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்க, பேரப்பிள்ளை இவள் இடுப்பில். அண்ணன் அழகையாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. ஆனாலும் இந்தியாவுக்குக் கோயில் கும்பிடப் போகிற ஆட்களைப் பிடித்து, அண்ணன் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதை அவள் விடவில்லை.

இருபது முப்பது பேர் வந்திருந்தார்கள். வேலாயி வாழ்க்கையில் முதல் தடவையாக பால்கனிக் கதிரையில் உட்கார்ந்தாள். காதால் கேட்ட குரல்களுக்கெல்லாம் முகம் வந்தது. அந்தத் தாய் இவ்வளவு ஒல்லியாக இருப்பாள் என்று அவள் நினைத்ததே இல்லை. ஒவ்வொரு வசனத்தையும் முந்திக்கொண்டு முணுமுணுத்தாள், முன்னால் இருந்தவர் இரண்டு தரம் திரும்பி முறைத்தார்.

முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது பிள்ளை வீரிட்டது. வேலாயி பழக்கத்தில் எழுந்துவிட்டாள். ஜெயந்தினி அவள் தோளை அமுக்கி உட்கார வைத்தாள்.

"நீங்க இருங்க சின்னம்மா. இன்னைக்கு நான் போறேன்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

வேலாயி பார்த்தாள். மழை பெய்தது. தாய் வாசலில் விளக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பாதையில் ஓர் ஆள் வந்தான், இவள் கதிரை நுனிக்கு வந்துவிட்டாள். அவன் தபால்காரன். வீட்டைத் தாண்டிப் போய்விட்டான். தாய் அப்படியே தூணில் சாய்ந்தாள். விடிந்ததும் பக்கத்து வீட்டார் வந்து அவளைத் தூக்கினார்கள், கதவைச் சாத்தினார்கள். மகன் வரவில்லை. படம் முடிந்துவிட்டது.

விளக்குப் போட்ட பிறகும் வேலாயி எழுந்திருக்கவில்லை. ஐயோ ராசம்மாக்கா, பொய்தான் சொல்லியிருக்கிறேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அழுகை வந்தது, அடக்கவில்லை. சுரேன் வந்து கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டான்.

மாடிப்படிக்குக் கீழே, அந்தப் பழைய நடையில், ஜெயந்தினி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். வேலாயியின் ஈரமான கண்ணைப் பார்த்ததும் அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"அம்மாகிட்ட நீங்க சொன்ன மாதிரியே வந்தானா சின்னம்மா?"

பத்து வயதில் பார்த்த அதே பார்வை.

"வந்தான்டி" என்றாள் வேலாயி.

"வாசல்ல வந்து நின்னானா?"

"வாசலோட நிக்கல. உள்ளயே வந்துட்டான். வந்து, அவ மடியில தலைய வச்சுப் படுத்துக்கிட்டான்."