மாத்திரைக்கு ஒரு சரணம்

எங்கள் ஜெபக்கூடத்தில் கீபோர்டு வாசிப்பவன் நான். கச்சிராயபாளையம் பக்கம், கரும்புக் கொல்லை ஓரத்தில் ஒரு தகர ஷெட். பாஸ்டர் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வார். வாசலில் செருப்பு மாட்டும்போதே சனம் அதை மறந்துவிடும். பாட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகும். பல்லவியை எத்தனை முறை திருப்பிப் பாடுகிறோமோ அத்தனை விசுவாசம்.

என் அக்காவுக்குச் சுகர். வெட்டிய கொல்லையில் கரும்பு அடிக்கட்டை காலில் குத்திய புண் ஆறவே இல்லை. மாத்திரையை விட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் விட்டுவிட்டாள். காரணம், வியாதி ஏற்கெனவே ஓடிவிட்டது என்று ஞாயிறுதோறும் நாங்கள் பாடும் பாட்டு.

"ஏங்க்கா மாத்திர போடல?"

"பாடிட்டு எப்பிட்றா போடறது? அப்ப பாடனது பொய்யா?"

"பாஸ்டரே பிரஷர் மாத்திர போட்டுக்கினுதான் இருக்காரு."

"அவரு எங்கடா பாடறாரு? பிரசங்கந்தான பண்றாரு."

பாஸ்டரிடம் போய்க் கத்தினேன். அந்தப் பாட்டை நிறுத்துங்கள் என்றேன்.

"சுவிசேஷம் எழுதுன லூக்காவே வைத்தியருதான், மருந்து தப்பில்லன்னு போன மாசம் பிரசங்கம் பண்ணனே தம்பி?"

யாருக்கு ஞாபகம் இருக்கிறது? எனக்கே இல்லை.

"பாட்ட எடுத்தா தியாகதுருகத்துல இருந்து வர்றவங்க வேற சபைக்குப் போய்டுவாங்க" என்றார். அந்த வருஷம் அவர் பேசியதில் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

எரிச்சலோடு வீட்டுக்கு வந்து, அதே மெட்டில் ஒரு சரணம் எழுதினேன். காலையில் மாத்திரை தந்தவருக்கு ஸ்தோத்திரம், ராத்திரி மாத்திரை தந்தவருக்கும் ஸ்தோத்திரம். அவ்வளவுதான். கவிதை தெரிந்தவர்கள் காறித் துப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கடைசியில் சேர்த்துப் பாடி, சுருதியை ஒரு படி ஏற்றினேன். சுருதி ஏறினால் எங்கள் சனத்துக்குக் கையும் ஏறும். அழுதார்கள். மாத்திரைக்கு அழுதார்கள்!

அன்று ராத்திரி அக்கா அந்தச் சரணத்தை முணுமுணுத்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினாள்.

"நான் எத்தினி மாசமா சொல்லிக்கினு கீறேன்?"

"நீ சொன்னா ஆச்சா? பாட்லயே வந்துடுச்சே."

புண் காய்ந்தது. விரல் தப்பியது. அக்கா சபையில் எழுந்து சாட்சி சொன்னாள்: "இந்தப் பாட்டுதான் என் கால காப்பாத்துச்சி!" மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருத்தப் போனால் மறுபடி மாத்திரையை நிறுத்திவிடுவாள். வாயை மூடிக்கொண்டு சுருதியை இன்னொரு படி ஏற்றினேன்.