கை அக்காவும் தடிப் புத்தகமும்

எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கை அக்கா. வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை என்று வரும் பிள்ளைகளின் இடது கையை, விரல்களை விரித்து வைக்கச் சொல்லிப் படம் எடுப்பாள். மாதிரிப் படங்கள் உள்ள ஒரு தடிப் புத்தகத்தோடு அதை ஒப்பிட்டு, எலும்புக்கு என்ன வயது என்று டாக்டர் சொல்வார். பிள்ளையின் வயதைவிட எலும்பின் வயது குறைவாக இருந்தால், வளர இன்னும் காலம் இருக்கிறது என்று பொருள். பதினாறு வருஷம் கூடவே நின்று பார்த்ததில் அக்கா பாதி டாக்டர்.

பதிவு மேஜையில் இருக்கும் என்னிடம் அவள் சொல்லாத கதை இல்லை. அதில் முக்கால்வாசி அவள் ஓரகத்தியைப் பற்றியதுதான், கொழுந்தன் பெண்டாட்டி. இருவருக்கும் ஒரே மாதத்தில் பையன் பிறந்தான். பதின்மூன்று வயதில் ஓரகத்தி பையன் நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்கிறான். அக்கா பையன் அவன் தோளுக்குத்தான் வருகிறான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த மகராசி ஒரு பையை நீட்டுவாள். "அக்கா, போன மாசம் எடுத்த பேண்ட், அதுக்குள்ள இவனுக்குக் கணுக்காலுக்கு மேல ஏறிடுச்சு. உங்க பையனுக்கு ஆகும்."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வாங்கி வைப்பாள். மறுநாள் என்னிடம் வந்து வயிறெரிவாள். "அதையும் ரெண்டு மடிப்பு மடிச்சுவிட வேண்டியிருக்குடி!"

எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அது விளையாட்டுப் பொறாமை இல்லை. அவளைச் சாப்பிட விடாமல் அரித்தது. மகனோடு பேசும்போதுகூட அவள் பார்வை அவன் தலைக்கு மேலேதான் போகும்.

கடைசியில் குழந்தைகள் டாக்டரை நச்சரித்துச் சீட்டு வாங்கி, மகன் கையைத் தானே படம் எடுத்தாள். படம் பார்க்கும் டாக்டர் மறுநாள்தான் வருவார். அதுவரை இவளுக்குப் பொறுக்குமா? புத்தகத்தைத் தானே புரட்டிவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"பதினொண்ணுடி! எலும்புக்குப் பதினொண்ணுதான். முழுசா ரெண்டு வருஷம் கையில இருக்கு. அவ பையனைத் தாண்டிடுவான் பாரு!"

அங்கேயே நின்று ஓரகத்திக்குப் போன் போட்டாள். "இனிமே பழசெல்லாம் குடுத்தனுப்பாதம்மா. இவன் வளரப்போற வளர்த்திக்கு அதெல்லாம் பத்தாது."

மறுநாள் மகனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அக்கா உள்ளே போனாள். சீட்டுகளைக் கொடுக்கப் போன நானும் நகரவில்லை. டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"பதினொண்ணுதானே டாக்டர்?"

அவர் கட்டைவிரலின் அடியில் பயறளவு தெரிந்த ஒரு எலும்பைத் தொட்டுக் காட்டினார். "இது வந்தாச்சே. பதிமூணு." பிறகு, புத்தகத்தில் அவள் அடையாளத்துக்குச் செருகியிருந்த காகிதத்தைப் பார்த்தார். "என்னம்மா இது, பொண்ணுங்க பக்கத்துல போய்ப் பாத்திருக்கீங்க?"

பெண்பிள்ளைகளின் எலும்பு சீக்கிரம் முதிரும். பதின்மூன்று வயதுப் பையன் கையும் பதினோரு வயதுப் பெண் கையும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். அதனால்தான் புத்தகத்தில் இருவருக்கும் தனித்தனிப் பக்கங்கள். இது எங்கள் ஆயாவுக்குக்கூடத் தெரியும். பொறாமை அக்காவின் கண்ணை மறைத்துவிட்டது.

"வயசுக்கேத்த எலும்பு. ஒரு குறையும் இல்ல. அப்பா அம்மா உயரத்துக்கு வருவான். சந்தோஷமா கூட்டிட்டுப் போங்க."

இதே வார்த்தையைக் கேட்டு எத்தனையோ அம்மாக்கள் அந்த அறையில் கைகூப்பி நின்றதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

பையன் பெஞ்சிலிருந்து எழுந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப்போனது.

"எனக்கு ஏதாவது வியாதியாம்மா?"

"இல்லடா. எல்லாம் நல்லா இருக்கு."

"பொய் சொல்லாத. நல்லா இருந்தா நீ ஏன் அழுற?"