வென்டலின் கயிறு கட்டிய மூலை

வென்டல் ஹூக்ஸ்ட்ராவின் வீட்டுப் புல்தரைக்கு வருடம் முழுவதும் வேலை இருந்தது. வென்டலுக்கு ஓய்வூதியம் இருந்தது. நல்ல பொருத்தம். கோடையில் மூன்றங்குலத்துக்குக் கீழே வெட்டமாட்டார். தண்ணீரை விடிகாலையில், அரிதாக, ஆனால் வேர் நனைய ஊற்றுவார். இலையுதிர் காலத்தில் மண்ணில் துளை போட்டு உரமிட்டு, பனி விழுமுன் ஒரு கடைசி வெட்டு. மிச்சிகனின் அந்தத் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் கேட்காமலே சொல்லிவைத்திருந்தார்.

அந்த வருடம் பனி உருகியபோது தெருவோர மூலை வழுக்கையாகக் கிடந்தது. சாலையில் பனி உறையாமலிருக்கப் பனி தள்ளும் வண்டி வாரியிறைத்த உப்பின் வேலை. செப்டம்பரில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று தெருவே கூடி, மரச்சுத்தியால் பந்தைத் தட்டி வளையத்துக்குள் விடும் கிரோக்கே ஆட்டம் எப்போதும் வென்டல் வாசலில்தான் நடக்கும். இப்போது எதிர்வீட்டு லோர்னா பீக்மன் வாய் திறந்துவிட்டாள்.

"இந்த வருஷம் எங்க வீட்ல ஆடலாமே வென்டல். எங்க தரையில பாதி களைதான், ஆனா பச்சையா இருக்கு."

"செப்டம்பர்ல வந்து பாரு" என்றார் வென்டல்.

வசந்தத்தில் வேலியோரப் புதர் மஞ்சளாகப் பூத்ததும், வழக்கம்போலக் களை முளைக்காமலிருக்க மருந்து தூவினார். அடுத்த வாரம் வழுக்கையில் புல்விதை விதைத்தார். ஒன்றும் முளைக்கவில்லை. சிட்டுக்குருவிகளைத் திட்டினார். மறுபடி விதைத்தார். விதைக் கடைக்காரனைத் திட்டினார். கடைசியில் மனைவி மார்சியா காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தாள்.

"எந்த விதையும் முளைக்கக் கூடாதுன்னுதானே மருந்து போட்டே? உன் விதை மட்டும் என்ன, பாஸ்போர்ட் காட்டிட்டு வெளிய வருமா?"

வென்டல் குனிந்து விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். பிறகு, "மருந்து நல்லா வேலை செய்யுது" என்றார்.

மருந்தின் வீரியம் அடங்கிய பிறகு, ஆகஸ்ட் நடுவில் மண்ணைக் கிளறி மூன்றாம் முறை விதைத்தார். தொழிலாளர் தினத்தன்று அங்கே பச்சிளங்குழந்தையின் தலைமுடி போலப் புல் எழுந்திருந்தது. ஒரு செருப்புக்கால் பட்டால் போச்சு. ஆட்டத்தையும் விடமுடியாது, புல்லையும் விடமுடியாது. வென்டல் அந்த மூலையைச் சுற்றிக் கயிறு கட்டினார்.

"புது விதி. இது கடல். யார் பந்து விழுந்தாலும் அவங்க அவுட். முதல் வெட்டு வரைக்கும் யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது."

"நீயுமா?" என்றாள் லோர்னா.

"நானும்தான். விதின்னா விதி."

இருட்டும் வேளையில் கடைசி வளையத்துக்கு மிஞ்சியது இரண்டே பேர்: லோர்னா, வென்டல். வென்டல் அடித்தார். சிவப்புப் பந்து வளையத்தை உரசி, விலகி, நிதானமாகக் கயிற்றுக்கடியில் நுழைந்து புல்நடுவே உட்கார்ந்தது.

"கடல்" என்றாள் லோர்னா.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க" என்றார் வென்டல், தோற்றவர் மாதிரியே இல்லாமல். "பந்து விழுந்தும் ஒரு இழை சாயல."

யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாதே; பந்து அங்கேயே கிடந்தது. அக்டோபரில் புல் அதை மூடுமளவு வளர்ந்ததும், வென்டல் கயிற்றை அவிழ்த்துப் புல்வெட்டும் இயந்திரத்தை எடுத்தார். எதிர்வீட்டு ஜன்னலில் லோர்னா நின்றாள். பந்தைத் தூக்கினார். அடியில், பந்தளவுக்கு ஒரு வழுக்கை.

வென்டல் அந்த இடத்தின் மேல் தன் பூட்ஸ் காலை வைத்து மறைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தார்.