கண்ணை மூடினால் ஒரு சுற்று

இசை ஆசிரியர் ஆகப்போகிறவர்களுக்குப் பள்ளி பேண்டை நடத்தக் கற்றுக்கொடுப்பது ஆரணியில் என் வேலை. ட்ரம்மும் குழலும் அவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் வாய்ப்பாட்டு கற்றவர்கள், இசை கொஞ்சம் இனித்தால் போதும், கண்ணை மூடிக்கொள்வார்கள். கச்சேரியில் அது அழகு. நாற்பது பிள்ளைகளைத் தெருவில் நடத்திப் போகிறவர் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? எரிச்சலில் ஒரு சட்டம் போட்டேன்: கண்ணை மூடினால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும்.

ஒரு காலை, மாணவர்களையே பேண்டாக்கி நெசவாளர் தெருவில் அணிவகுக்க வைத்தேன். பேண்டை நடத்தும் கோலோடு முன்னால் போன மாணவி பாட்டில் சொக்கிக் கண்ணை மூடிவிட்டாள். எதிரே, தறிக்குப் போக வேண்டிய பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

“யம்மா, பாவு! பாவு! கண்ண தொறந்துகினு வாங்க!” என்று ஒரு நெசவுக்கார அம்மா அலறினார்.

மாணவி சட்டென்று கோலை உயர்த்தினாள். மொத்த பேண்டும் ஒரே அடியில் நின்றது. பட்டுக்கும் அவளுக்கும் ஒரு சாண்தான். கடைசியில் வந்த நான் மட்டும் நிற்காமல், ட்ரம்காரன் முதுகில் போய் மோதினேன்.

அந்த அம்மா சிரித்தார். “கண்ண மூடிகினு வந்தாரே, அந்த சாரும் புதுசா கத்துக்கிறவரா?”

அன்று மாலை நான் மைதானத்தைச் சுற்றி ஓடினேன். மாணவர்கள் வரிசையாக நின்று ட்ரம் அடித்தார்கள். ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை.